கோரைப் பொருத்தம்

கோரைப்புல்லின் பயத்தைத் தெளிய வைத்தால் அது தானாகவே செத்துப்போகும் என்று கண்டுபிடித்தவர்கள், அதனால் கல்யாணங்கள் நின்றுபோகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்ச்சி செய்கிறவர்கள். கல்யாணம் அவர்கள் பாடத்தில் இல்லை.

வடவள்ளியில் நாச்சிமுத்து வீட்டுக்கு இரண்டு சம்பந்தம் வந்து இரண்டும் வாசலோடு திரும்பிப் போயிருந்தன. பையன் யுகேந்திரன் மேல் எந்தக் குறையும் இல்லை. பேட்டரி கம்பெனியில் நல்ல வேலை. ஜாதகம் சுத்தம். ஆனால் கேட்டைத் திறந்ததும் இடது கைப்பக்கம், செங்கலைச் சாய்த்து நட்டு ஓரம் கட்டிய நீளப் பாத்தியில், ரோஜாவுக்கும் இட்லிப்பூச் செடிக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குக் கோரை நின்றது. பெண் வீட்டார் அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார்கள்.

மூன்றாவது சம்பந்தம் பேச்சுக்கு வந்தபோது நாச்சிமுத்து கலாமணிக்கு ஆள் விட்டார். அவள் ஒரு துணிப்பையும் உட்கார ஒரு குட்டி முக்காலியுமாக வந்து இறங்கினாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து. மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவை ரொம்ப காலம் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசினாலும் பக்கத்தில் மோட்டார் ஓடுவது போலத்தான் பேசுவார்.

"தொடுவேனுங்க," என்றாள் கலாமணி.

"தொட்டா?"

"பூத்து, காஞ்சு, போயிருமுங்க."

"அத நான் தொட்டாப் போகாதா?"

"போகோணுமுங்க. போகலைன்னுதான என்னையக் கூப்புட்டிருக்கறீங்க."

காபி கொண்டு வந்த அவர் மனைவி சுலோச்சனா உதட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். அமைதியான முகம். அந்தத் தெருவில் பொறுமைக்கு யாரையாவது உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அவளைத்தான் சொல்வார்கள்.

"மேலோட்டமாச் சொன்னா எனக்கு ஆகாது. உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து.

கலாமணி இதை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாள். "கோரையக் களைக்கொத்துல வெட்டறீங்க. மருந்தடிக்கறீங்க. கறுப்புத் தாளப் போட்டு மூடறீங்க. அது பயந்துக்குதுங்க. பயந்தா மண்ணுக்கடியில கிழங்கு வெச்சுக்கும். ஒரு கிழங்குல இருந்து நூல் மாதிரி ஓடி இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொண்ணு. மேல ஒண்ண வெட்டுனாக் கீழ நாலு மொளைக்கும். அதனாலதான் எத்தன வருசமானாலும் அது போறதில்ல. இப்ப மண்ணுல உட்டிருக்கற கிருமி கோரை வேருக்குள்ள போயி ஒக்காந்துட்டு, தொடற கையோட வேர்வைய மோந்து பாக்குதுங்க. கோவத்துல வர்ற வேர்வை வேற. பிரியத்துல வர்ற வேர்வை வேற. பிரியமான கை தெனமும் பட்டுச்சுன்னா, இனிப் பயமில்லைன்னு கோரை நம்பிரும். நம்புனாக் கிழங்கு வெக்காது. கம்பு சோளம் மாதிரி ஒரு போகம் பூத்துட்டுப் போய்ச் சேர்ந்துரும்."

"நெசமாவே பிரியம் இருக்கோணுமா? நடிச்சாப் பத்தாதா?"

"வேர்வைக்கு நடிக்கத் தெரியாதுங்களே."

அந்தக் கிருமியை மண்ணில் விட்டபோது விவசாயிகளுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஏக்கர் கணக்கில் கோரையை யார் உட்கார்ந்து கொஞ்சுவது? செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு கிருமி ஊரெல்லாம் பரவியதோடு சரி. உபயோகப்பட்டது வீட்டுத் தோட்டங்களுக்குத்தான். காலையில் ஐந்து நிமிஷம் தடவிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பாத்தி சுத்தமானது. சில வீடுகளில் எவ்வளவு தடவியும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று பக்கத்து வீட்டார் யோசிக்க ஆரம்பித்ததில் வந்தது வினை.

ஜோசியர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாகக் கோரைப் பொருத்தம் பார்த்தார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் முதலில் ஆளனுப்பி வாசல் பாத்தியைப் பார்த்துவரச் சொன்னார்கள். வெட்கப்பட்டவர்கள் பாத்தியை மூடி சிமெண்டு போட்டார்கள். சிமெண்டு போட்ட வீட்டில் கொலையே நடந்திருக்கும் என்று ஊர் பேசியது. மலையடிவாரத்தில் ஒரு தியான மையத்தில் கோரை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அது அலங்காரப் புல் என்று அவர்கள் பலகை எழுதி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட உலகத்தில்தான் கலாமணிக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் அவள் பழைய வண்டிகளை ஏலம் விடும் ஒரு யார்டில் கணக்குப் பார்த்தாள். வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியின் மேலும் அவளுக்குப் பாசம் வந்துவிடும். இந்தக் கார் பாவம், ரொம்ப மலை ஏறியிருக்கிறது என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லிக் கண் கலங்குவாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கோரை விஷயத்தில் அதே குணம் பிழைப்பானது.

வேலையில் ஒரே கஷ்டம், அவள் நிஜமாகவே பிரியம் வைப்பாள். முக்காலி போட்டு உட்கார்ந்து, அடியிலிருந்து நுனிவரை நீவிக்கொடுத்து, அன்றாடம் தான் படும் பாடுகளை எல்லாம் அதனிடம் சொல்வாள். அது நம்பும். பூக்கும். காயும். வீட்டுக்காரர்கள் கைகூப்பி நன்றி சொல்வார்கள். அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வருவாள். காந்திபுரத்துப் பெண்கள் விடுதியில் தன் அறையில் ஒரு துளசித் தொட்டிகூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. கிருமி கோரையில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் எதையும் தொடக் கை கூசியது.

இந்த வேலை வெளியே தெரியக்கூடாது என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் ஏதாவது ஒரு சொந்தமாகிவிடுவாள். இங்கே நாச்சிமுத்துவின் ஒன்றுவிட்ட தங்கை, ஊர் தாராபுரம் என்று முடிவானது. அவரை அண்ணா என்றும், அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற முறையில் சுலோச்சனாவை நங்கை என்றும் கூப்பிட ஆரம்பித்தாள்.

தினமும் காலையும் மாலையும் கோரையோடு உட்கார்ந்தாள். வழக்கமாகக் கொஞ்ச நாளில் நுனி பழுத்துப் பூந்தண்டு எழும்பிவிடும். இங்கே எழும்பவில்லை. இலை இன்னும் கறுத்துத் தடித்தது. ரோஜாவுக்கு அடியிலிருந்து புதிதாய் ஊசி ஊசியாய் முளைத்து வந்தது. செங்கல் ஓரத்தையே ஒரு இடத்தில் நெம்பித் தூக்கிவிட்டது.

"அண்ணா, இந்தப் பக்கம் நீங்க வராதீங்க," என்றாள் கலாமணி. "நாள் முழுக்க நான் கொஞ்சுனாலும் ஒருத்தரு ஒருக்கா மெரட்டுனாப் போதுமுங்க. மறுபடியும் கிழங்கு வெச்சுக்கும்."

"நான் எங்க மெரட்டுனேன்?" என்று நாச்சிமுத்து கத்தினார். எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போனது.

"இப்பப் பண்ணுனீங்களே, இதைத்தானுங்க."

"இது பேச்சு. இதுக்குப் பேரு மெரட்டலா? சந்தேகத்துல ஒரு மிசினைத் தள்ளி வெக்கக்கூடாது. பிரிச்சு சோதிக்கோணும்."

சொன்னபடியே சோதனைக்கு ஏற்பாடு செய்தார். நான்கு மண்தொட்டிகள் வாங்கி வந்து, சம அளவு மண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கோரைக்கிழங்கை நட்டார். தொட்டியின் மேல் சாக்பீஸால் பேர் எழுதினார். தான், சுலோச்சனா, யுகேந்திரன், கலாமணி. அவரவர் தொட்டியை அவரவர் மட்டும் தினமும் தொட வேண்டும், மற்றவர்கள் கிட்டே போகக்கூடாது என்று உத்தரவு. தொட்டிகளை மாடிப்படிக்குக் கீழே வரிசையாக வைத்து, முடிவு தெரிகிறவரை யாரும் எட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லக்கூடாது, கையை மட்டும் உள்ளே விட்டுத் தொட வேண்டும் என்று சாக்குத் திரை வேறு கட்டினார்.

திரையை விலக்கிப் பார்க்கக் குறித்த நாள் வந்தபோது கலாமணி விடிந்ததும் எழுந்து போனாள். திரை விலகியிருந்தது. சுலோச்சனா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் ஒரு தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் சாக்பீஸ்.

தொட்டிகள் நான்கும் நான்கு விதமாக இருந்தன. ஒன்றில் கோரை பூத்து முடிந்து வைக்கோலாய்ச் சாய்ந்து கிடந்தது. கலாமணியின் தொட்டியில் அப்போதுதான் பூ விரிந்திருந்தது. யுகேந்திரன் தொட்டியில் வளரவும் இல்லை, வாடவும் இல்லை. அவன் மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டே தொடுகிறவன். நான்காவது தொட்டி விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. பிளவுக்குள்ளிருந்து கறுப்புக் கிழங்குகள் கொத்துக் கொத்தாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"நங்கை, என்ன பண்றீங்க?"

"எழுத்து அழிஞ்சிருந்துச்சு கலாமணி. திருப்பி எழுதறேன்."

"மாத்தி எழுதறீங்களே."

சுலோச்சனாவின் கை நின்றது. பிறகு நாச்சிமுத்துவின் கட்டை எழுத்து மாதிரியே பார்த்துப் பார்த்து எழுதி முடித்தாள். பிளந்த தொட்டியில் இப்போது அவர் பேர் இருந்தது. வைக்கோலாய்க் காய்ந்த தொட்டியில் அவள் பேர். இரண்டையும் இடம் மாற்றி நகர்த்தினாள்.

"அவரு நாளெல்லாம் கத்துவாரு," என்றாள். "கத்துன நிமிசமே மறந்துருவாரு. உள்ள ஒண்ணுந் தங்காது. நான் கத்துனதே இல்ல. அதெல்லாம் எங்கயாச்சும் போகோணுமில்ல?"

கலாமணி பிளந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசுல உடுமலையில எனக்கு டீச்சர் வேலை கெடச்சுது. பிசிக்சு. ஆர்டரக் கையில வெச்சுட்டு இவரு முன்னால நின்னேன். அம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேசன், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாரு. சரிங்கன்னேன். அடுத்த வருசம் இவன் பொறந்துட்டான். அது ஒண்ணு. சாம்பார வாயில வெச்சா, உப்பு அஞ்சு சதவீதம் எச்சும்பாரு. ஒரு நாளாச்சும் ரீடிங் சொல்லாமச் சாப்பிட்டதில்ல. அது ஒண்ணு. பெருசும் சிறுசுமா எல்லாம் ஒரே எடத்துலதான் கெடக்குது. சாயங்காலம் வெளக்குக்குப் பூப் பறிக்கப் போவேன். ஒரு கையில பூவு. இன்னொரு கையில கோரைய அடியோட புடிச்சுக்குவேன். புடிச்சுட்டு மனசுல இருக்கறதச் சொல்லுவேன். எதுத்த வீட்டுக்காரி பாத்துட்டு, சுலோச்சனாக்கா புல்லக்கூடக் கொஞ்சறாங்கன்னு சொல்லிட்டுத் திரியறா."

"அப்பறம் தம்பி கல்யாணம்?"

"ஒவ்வொரு சம்பந்தம் போறப்பவும் இனித் தொடக்கூடாதுன்னுதான் நெனைப்பேன். பொழுது எறங்குனாக் கை தானாப் போகுது." சாக்பீஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது போயிருச்சுன்னா நான் எங்க போறது கலாமணி?"

மாடியிலிருந்து நாச்சிமுத்துவின் செருப்புச் சத்தம் கேட்டது. கலாமணி வாயைத் திறந்தாள். சுலோச்சனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு முன்னால் குனிந்தார். பிளந்த தொட்டியைச் சுற்றி வந்தார். பேரைப் படித்தார். கிழங்கு ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ரிசல்ட்டு ரிசல்ட்டுதான்," என்றார் கடைசியில். குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். பால்காரர் நேரம் கழித்து வந்தபோது, பரவால்லப்பா, மெதுவா வா என்றார். பால்காரர் பயந்துபோய்ப் பின்வாசலுக்கு வந்து, அய்யாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று சுலோச்சனாவிடம் விசாரித்தார். நாச்சிமுத்து அடிக்கடி கைகழுவினார். கழுவிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்னைய நான் அடிச்சிருக்கறனா கண்ணு?" என்று ஒருநாள் மகனிடம் கேட்டார்.

"இல்லீங்கப்பா. கத்துவீங்க."

"எந்தளவுக்குக் கத்துவேன்?"

"சராசரியாங்களா, உச்சமாங்களா?" என்றான் யுகேந்திரன். அப்பாவுக்குப் பிள்ளைதான்.

நாச்சிமுத்து எழுந்து கைகழுவப் போனார்.

கேட்டதைவிட அதிகமாகவே சுலோச்சனாவுக்கு அமைதி கிடைத்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே சாம்பாரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவர் தலை குனிந்தபடி முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்குது என்று எழுந்தார். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அன்று மாலை பாத்திப் பக்கம் போனவள் கோரையைப் பிடிக்காமல், வெறும் கையோடு நின்றுவிட்டு வந்தாள். கலாமணிதான் அன்றைக்கும் உட்கார்ந்து நீவிக்கொடுத்தாள். கோரைக்கு எதைச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது. பாத்தியில் கோரை முழங்காலைத் தாண்டி நின்றது. அறுத்துவிடலாம் என்று யுகேந்திரன் சொன்னதற்கு நாச்சிமுத்து சம்மதிக்கவில்லை. மறைக்க வேண்டாம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றார்.

காரிலிருந்து பெண்ணின் அப்பா துரைசாமியும் அம்மா காஞ்சனாவும் இறங்கினார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். காபித் தட்டோடு கூடத்துக்கு வந்த கலாமணி, காஞ்சனாவைப் பார்த்ததும் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அந்த வீட்டில்தான் காஞ்சனாவின் அவிநாசிப் பெரியம்மா மகளாக அவள் ஒரு பருவம் முழுக்கத் தங்கியிருந்தாள். அங்கே இருந்தது நல்ல கோரை. மஞ்சள் ரோஜாக்களுக்குக் கீழே, மழை பெய்தால் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தூங்குகிற மாதிரி இருக்கும். அதற்காக அவள் பஸ்ஸில் காந்திபுரம் வரை அழுதாள்.

துரைசாமி அவளை உற்றுப் பார்த்தார். "இவங்களப் பாத்த மாதிரியே இருக்குதே. காஞ்சனா, நம்மூட்டுல வந்து தங்கியிருந்தாங்களே உன்ற பெரியம்மா பொண்ணு..."

"அவங்க இன்னுங் கொஞ்சம் ஒசரமுங்க," என்றாள் காஞ்சனா, கலாமணியின் கண்ணைப் பார்க்காமல் காபியை எடுத்துக்கொண்டு.

"இவங்க உங்களுக்கு எப்புடிங்க?"

"ஒண்ணுவிட்ட தங்கச்சிங்க. தாராபுரம்," என்றார் நாச்சிமுத்து. பொய் சொல்லும்போதும் அவர் குரல் தணிந்தேதான் இருந்தது.

பையன் வேலை, தோப்பு, மழை என்று பேச்சு ஒரு சுற்று வந்தது. துரைசாமி தொண்டையைச் செருமினார். "வாசல் பாத்தியில கோரை... செழிப்பா இருக்குதுங்க."

நாச்சிமுத்து எழுந்து நின்றார். இதற்காகவே காத்திருந்தவர் போலிருந்தது. "அதச் சொல்லிப்போடறேனுங்க. அது என்ற கை. சோதனை பண்ணிப் பாத்தாச்சு. இத்தன கோவம் எனக்குள்ள இருக்குதுன்னு எனக்கே தெரியாமப் போச்சுங்க. பையன் அப்புடி இல்லீங்க. அவன் தொட்டி சுமாரா இருந்துச்சு. உங்க பொண்ணு இந்த வீட்டுக்கு வர்றதுன்னா நான் மாடியில தனியா இருந்துக்கறனுங்க. கீழ எறங்க மாட்டேன். சாப்பாட்டக்கூட அங்கயே..."

சுலோச்சனா பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள். "அது அவரு கை இல்லீங்க," என்றாள். "என்ற கை."

"நீ சும்மா இரு சுலோச்சனா, என்னையக் காப்பாத்தோணும்னு..."

"தொட்டியில பேர மாத்தி எழுதுனது நானுங்க. வெடிச்ச தொட்டி என்றது. மொதல்ல காஞ்சது உங்க தொட்டி. கலாமணியோடதுக்கும் முந்தி."

நாச்சிமுத்து கலாமணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"காஞ்சுதா?"

"வேரோடங்க அண்ணா."

அவர் உட்கார்ந்தார். கம்பெனியே நடுங்கியது இந்த ஆளைப் பார்த்தா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல முகம் ஒரு மாதிரி ஆனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது.

"நீயா?" என்றார் மனைவியைப் பார்த்து. "உனக்கு என்ன கோவம்?"

யுகேந்திரன் போனைக் கவிழ்த்து வைத்தான். துரைசாமி ஒரு முறுக்கை எடுத்து, கடித்தால் சத்தம் வரும் என்று கையிலேயே வைத்துக்கொண்டார்.

காஞ்சனா எழுந்தாள். "அந்தப் பாத்திய நான் சித்தெ பாக்கோணுமே," என்றாள் சுலோச்சனாவிடம். "நீங்களும் வாங்க. இவங்களும் வரட்டும்."

மூன்று பெண்களும் வெளியே வந்தார்கள். காஞ்சனா செங்கல் ஓரத்தில் பட்டுச்சேலையோடு குத்தவைத்து உட்கார்ந்து கோரையைப் பார்த்தாள். தொடவில்லை.

"எங்கூட்டுலயும் இப்புடித்தான் இருந்துச்சு," என்றாள். "பொண்ணு கல்யாணம் நிக்குமுன்னு அவரு சொன்னாரு. அவருக்குத் தெரியாம நான்தான் இவங்களப் பெரியம்மா பொண்ணுன்னு சொல்லிக் கூட்டியாந்தேன். நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க." கலாமணியை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போன பொறவு எனக்கு இங்க ஒரு அடைப்பு வந்துருச்சுங்க கலாமணி. நெஞ்சுல. மூச்சு முக்கால்வாசிதான் உள்ள போகுது. கோயமுத்தூருக்கு வந்து எல்லாப் படமும் எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கறாங்க. ராவெல்லாம் பாத்திரம் வெளக்கறேன். வெளக்கி வெச்சதையே வெளக்கறேன். வேலைக்கு வர்ற பொண்ணு மேல ஒருநாள் கரண்டிய வீசிட்டேன். என்ற மேல எனக்கே பயமாப் போச்சு. அந்த எடத்துல இப்பக் கல்லுத் தொட்டி வெச்சு மீன் வளக்கறாரு. மீனுகிட்ட என்னத்தச் சொல்றது?"

கலாமணிக்குத் தான் முடித்துக் கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கைகூப்பி நன்றி சொன்ன பெண்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு ஓரமாய், நன்றி சொல்லாமல் நின்ற யாரோ ஒருவர். அது மாமியாராக இருக்கும், மூத்த மருமகளாக இருக்கும், ஒரு வீட்டில் காது கேளாத மாமனார். அவர்கள் முகத்தை அவள் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. செடிக்காக அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

"எனக்கு ஒரு கிழங்கு வேணுமுங்க," என்றாள் காஞ்சனா. "குடுப்பீங்களா?"

சுலோச்சனா கலாமணியைப் பார்த்தாள். கலாமணி களைக்கொத்தை எடுத்து வந்தாள். ரோஜா வேர் அறுபடாமல் ஓரமாகக் கொத்தி, ஈர மண்ணோடு ஒரு கிழங்கைத் தோண்டினாள். எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள். தன் கை பட்டால் அதற்குத் தைரியம் வந்துவிடும். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, விரல் படாமல் எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து மடித்துக் கொடுத்தாள்.

"இத என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க," என்றாள் சுலோச்சனா. "எங்க வேணுமுன்னாலும் ஊனுங்க. அது வந்துரும்."

காஞ்சனா அதைத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குக் கீழே வைத்தாள். உள்ளே வந்ததும் கணவரிடம், "பொருத்தமெல்லாம் நல்லாருக்குதுங்க, பொண்ணு குடுக்கலாம்," என்றாள்.

துரைசாமி குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோரை..."

"இருக்கட்டுமுங்க. கோவம் எங்க இருக்குதுன்னு தெரியுதுல்ல. நம்ம பொண்ணு பாத்து நடந்துக்குவா."

துரைசாமி முறுக்கைக் கடித்தார்.

நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். கலாமணியும் துணிப்பையைக் கட்டினாள். அடுத்து சாய்பாபா காலனியில் ஒரு வீடு ஒத்துக்கொண்டிருந்தாள். அங்கே போனதும் கோரையைத் தொடுவதற்கு முன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பேசிய பிறகு வேலை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கலாம். அப்படிச் சொன்னால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது தனி யோசனை. ஆனாலும் வாசலுக்கு வந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. அவள் பிரியம் வைத்த ஒன்றை உயிரோடு விட்டுவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

நாச்சிமுத்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பாத்தி ஓரத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தார். சுலோச்சனா விளக்குக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா," என்றார். சத்தம் பழையபடி ஏறியிருந்தது. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. "அதுகிட்ட என்ன சொல்லுவியோ, அத என்கிட்டச் சொல்லு. நான் கத்துனாக் கத்திட்டுப் போறேன். நீ நிறுத்தாதே."

"எல்லாத்தையுமாங்க?"

"மொதல்ல இருந்து சொல்லு. கல்யாணத்துல இருந்து ஆரம்பி."

சுலோச்சனா பூக்கூடையைக் கீழே வைத்தாள். யோசித்தாள்.

"அதுக்கு முந்தியே ஒண்ணு இருக்குதுங்க," என்றாள்.

நாச்சிமுத்து எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்று எடுத்துவர உள்ளே போனார்.